ஏ.சி. அறையில் புழுங்குவது எப்படி?

வெயிலில் புழுங்க யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. சென்னையில் பிறந்தவர்களுக்கு அது தானாக வரும். நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்து ஒன்றரை டன் ஏ.சி. வாங்கி, ஸ்டெபிலைசர் மாட்டி, சுவரில் துளை போட்டு, ஜன்னல் இடுக்கில் பழைய பேப்பரைத் திணித்து, கதவையும் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து புழுங்குவதென்றால்தான் கொஞ்சம் பயிற்சி வேண்டும். சிலருக்கு இது கைகூட வருடங்கள் ஆகும். எங்கள் வீட்டில் மூன்றே மாதத்தில் தேறிவிட்டோம். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

தேவையான கருவி ஒன்றுதான்: ரிமோட்டில் விசிறிப் படம் போட்ட பொத்தான். டிகிரி பொத்தானை விட்டுவிடுங்கள். அதை வைத்து ஏற்கெனவே எல்லா வீட்டிலும் சண்டை நடக்கிறது, அதில் நீங்கள் புதிதாகச் சேர்க்க ஒன்றுமில்லை. விசிறிப் பொத்தானைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. லோ, மீடியம், ஹை, ஆட்டோ. காற்று கம்மியாக வரும், ஜாஸ்தியாக வரும், அவ்வளவுதானே என்று நினைப்பு. அந்த நினைப்பு உங்களுக்கும் இருந்தால் பாதிப் பயிற்சி முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

எதைக் கெடுக்கிறோம் என்று தெரிந்து கெடுப்பதில் ஒரு நிறைவு இருக்கிறது. ஆகவே இயந்திரத்தைப் பற்றி நாலு வார்த்தை.

ஏ.சி. குளிரைத் தயாரிப்பதில்லை. அது ஒரு பம்பு. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை இறைத்து வெளியே கொட்டுகிறது. அதிலேயே ஒரு வால்வைத் திருப்பிவிட்டால் வெளியே இருக்கும் வெப்பத்தை உள்ளே இறைக்கும். டெல்லியில் ‘ஹாட் அண்ட் கோல்டு’ என்று விற்பது அதுதான். பனி கொட்டும் ஊர்களில் அதையே ஹீட் பம்ப் என்று சொல்லி வீட்டைச் சூடாக்கிக்கொள்கிறார்கள். இப்படியொரு இயந்திரத்தால் கட்டடங்களைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் முடியும் என்று 1852-லேயே வில்லியம் தாம்சன் எழுதிவிட்டார். பின்னால் கெல்வின் பிரபு ஆனவர் அவர்தான். கணக்கு எழுதியதோடு நிறுத்திக்கொண்ட புத்திசாலி. ரிமோட் யார் கையில் இருக்க வேண்டும் என்ற விவகாரத்துக்குள் அவர் போகவில்லை.

கிணற்றையும் மோட்டாரையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மீதி சுலபம். வெளியே பால்கனியில் உறுமும் பெட்டிக்குள் இருக்கும் கம்ப்ரஸர்தான் மோட்டார். உள்ளே சுவரில் தொங்கும் பெட்டியில் இருக்கும் குழாய்ச் சுருள், அதாவது காயில்தான் கிணறு. அறைக் காற்று சுமந்துவரும் வெப்பம் ஊற்று. ஊற்று எவ்வளவு வேகமாகச் சுரக்க வேண்டும் என்று முடிவு செய்வது உங்கள் விசிறிப் பொத்தான். வேகத்தைக் குறைத்தால் ஊற்று சுருங்கும். மோட்டார் பாட்டுக்கு இறைத்துக்கொண்டிருக்கும். கிணற்றில் நீர்மட்டம் கீழே போகும், அதாவது காயில் இன்னும் சில்லிட்டுப்போகும். ஆழத்திலிருந்து இறைக்கிற மோட்டாருக்கு அதே கரண்டில் கிடைக்கும் தண்ணீர் குறைவு என்று எந்த விவசாயியும் சொல்வார். ஏ.சி.யிலும் அதே கதை. லோவில் வைத்தால் வருகிற காற்று கையை வெட்டுகிற மாதிரி சில்லென்று இருக்கும். ஆனால் மொத்தமாக வெளியேறும் வெப்பம் குறைந்திருக்கும். ஹையில் வைத்தால் காற்று அவ்வளவு சில்லென்று இராது. வெளியேறும் வெப்பம் அதிகம்.

இந்த இடத்தில் கையை நம்புகிறவர்கள்தான் நம் மாணவர்கள்.

பயிற்சியைச் சித்திரைக் கத்திரியில் ஆரம்பிப்பது உத்தமம். மதியம் இரண்டு மணிக்கு வெளியிலிருந்து வருகிறீர்கள். அறைக்குள் 36 டிகிரி. மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் வீடு என்றால் கூரையைத் தொட்டுப் பார்க்கவே வேண்டாம், தலையில் இறங்குவது தெரியும். உடனே ஏ.சி.யைப் போட்டு, டிகிரியை 16-க்கு இறக்கி, விசிறியை லோவில் வையுங்கள். பெட்டிக்கு அடியில் போய் நின்று முகத்தை நிமிர்த்துங்கள். சில்லென்று விழும். ‘ஆகா, என்ன குளிர்ச்சி’ என்று சொல்லுங்கள். அந்த ஒரு சதுர அடியைத் தவிர அறை முழுக்க அடுத்த முக்கால் மணி நேரம் வெந்துகொண்டிருக்கும்.

கணக்குப் பாருங்கள். 10-க்கு 12 அடி அறை, உயரம் 10 அடி என்றால் உள்ளே இருப்பது 1,200 கன அடி காற்று. ஒன்றரை டன் ஏ.சி. ஹையில் ஓடும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 600 கன அடி காற்றை இழுத்துத் தள்ளும். இரண்டு நிமிடத்தில் அறைக் காற்று முழுதும் ஒருமுறை காயிலைத் தொட்டுவிட்டு வந்துவிடும் அளவு அது. லோவில் அதற்கு இரட்டிப்பு நேரம் பிடிக்கும். கூடவே, மெல்ல வந்த குளிர்ந்த காற்று கனமாக இருப்பதால் கட்டிலைத் தாண்டாமல் பெட்டிக்குக் கீழேயே சரிந்து இறங்கும். மேலே இருக்கும் சென்சாருக்கு அதில் ஒரு பகுதி திரும்பி வந்தால், அறை குளிர்ந்துவிட்டது என்று அது நம்பிவிடும். பெட்டிக்கு முன்னால் திரைச்சீலையோ லாஃப்டில் அட்டைப்பெட்டியோ இருந்தால் இந்த ஏமாற்று இன்னும் கச்சிதம். கம்ப்ரஸர் நிம்மதியாகத் தணிந்துவிடும். நீங்கள் கட்டிலில் புழுங்கலாம்.

16-இன் மீதுள்ள பக்தியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அறை 36-இல் இருக்கும்போது 16 என்று வைத்தாலும் 24 என்று வைத்தாலும் கம்ப்ரஸர் தன் முழு பலத்தோடுதான் ஓடும். ஆட்டோக்காரரிடம் ‘சீக்கிரம் போப்பா’ என்று சொல்லத் திருவள்ளூர் வரை முகவரி கொடுப்பது போல. 2020 ஜனவரி 1 முதல் இந்தியாவில் நட்சத்திர லேபிளோடு விற்கும் அறை ஏ.சி.களெல்லாம் போட்டவுடன் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்று மத்திய அரசு விதி செய்துவிட்டது. அதனால் என்ன, எட்டு முறை அழுத்தினால் 16. விரலுக்கு உடற்பயிற்சி.

லோவில் வைப்பதற்கு எங்கள் அப்பா சொல்லும் காரணம் வேறு.

“ஃபேன கொறைச்சு வைடா. கரண்ட்டு பில் ஏறுது.”

ஓய்வுபெற்ற கணக்காளர். பொத்தானை ஒரு படி குறைத்தால் பில் ஒரு படி குறையும் என்பது அவர் கட்சி. பாதி உண்மை. விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் அது இழுக்கும் மின்சாரம் எட்டில் ஒரு பங்காகிவிடும், அவ்வளவு நல்ல விதி விசிறிகளுக்கு இருக்கிறது. சிக்கல் எங்கே என்றால், உள்ளே இருக்கும் அந்த விசிறியே மொத்தம் 40, 50 வாட்தான் இழுக்கிறது. கம்ப்ரஸர் முழு மூச்சில் ஓடினால் 1,400 வாட். ராத்திரி எட்டு மணி நேரம் லோவில் வைத்து 30 வாட் மிச்சம் பிடித்தால் கால் யூனிட் லாபம். குளிர்ச்சி போதாமல் கம்ப்ரஸர் அரை மணி நேரம் கூடுதலாக ஓடினால் 0.7 யூனிட் நஷ்டம். இதை ஒரு பேப்பரில் போட்டு அப்பாவிடம் காட்டினேன். கூட்டலைச் சரிபார்த்தார். சரியாகத்தான் இருந்தது. பிறகு எழுந்து போய் லோவில் வைத்தார்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், அதற்குமேல் அடுக்கடுக்காக விலை. மொத்தம் 500-ஐத் தாண்டினால் கீழ் அடுக்கில் ஓடிய யூனிட்டுக்கும் சேர்த்து விலை மாறிவிடும். 499-இல் நிற்க வேண்டும் என்ற கவலை ஒரு மனிதனை எந்தப் பொத்தானையும் அமுக்கவைக்கும்.

வேனிற்காலப் பாடம் அவ்வளவுதான். மே மாதத்தில் புழுங்குவது யாருக்கும் வரும். உண்மையான வித்தை ஐப்பசியில் இருக்கிறது.

வடகிழக்குப் பருவமழை. வெளியே 26 டிகிரி. துவைத்த துணி மூன்று நாளாகக் கொடியில் தொங்குகிறது. இப்போது ஏ.சி.யை 25-இல் வைத்து, விசிறியை ஹையில் தட்டிவிடுங்கள். ஐந்தே நிமிடத்தில் அறை 25-க்கு வந்துவிடும். நம் ஏ.சி. இன்வெர்ட்டர் ரகம் என்றால், வேலை முடிந்தது என்று கம்ப்ரஸர் தவழத் தொடங்கும். விசிறி மட்டும் விடாமல் ஊதும். ஊற்று பொங்கி வழிகிறது, மோட்டாரோ சும்மா சொட்டுச் சொட்டாக இறைக்கிறது. கிணற்றில் நீர்மட்டம் மேலே ஏறிவிடும், காயில் சூடேறிவிடும். 25 டிகிரியில் 60 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று தண்ணீர் விட ஆரம்பிப்பது சுமார் 17 டிகிரியில். காயில் அதற்கு மேலே நின்றுவிட்டால் ஒரு சொட்டு ஈரம்கூட வெளியேறாது. ரிமோட்டில் 25 என்று எழுதியிருக்கும். படுக்கை விரிப்பு பிசுபிசுக்கும். முதுகு பனியனோடு ஒட்டும். போர்வையைப் போர்த்தினால் கசகசக்கும், விலக்கினால் நடுங்கும். குளிரிலேயே புழுங்குகிற இந்த நிலையைச் சித்தி என்றே சொல்லலாம்.

பழைய ஆன்-ஆஃப் ரகம் வைத்திருப்பவர்கள் வருந்த வேண்டாம், உங்களுக்கும் வழி உண்டு. கம்ப்ரஸர் நின்ற பிறகும் விசிறி ஓடிக்கொண்டே இருந்தால், காயில் தகடுகளில் ஒட்டியிருந்த ஈரம் குழாய் வழியே வடிவதற்கு முன்னால் காற்றில் கலந்து மறுபடி அறைக்கே வந்துவிடும். இறைத்த தண்ணீரைக் கிணற்றிலேயே ஊற்றுவது என்பார்களே, அது.

நான் இதைக் கண்டுபிடித்தது முறுக்கால். எங்கள் வீட்டில் டிவி பக்கத்தில் ஒரு எவர்சில்வர் டப்பாவில் முறுக்கு இருக்கும். மூடியைப் பையன் தாளம் போட எடுத்துக்கொண்டு போய் எங்கோ போட்டுவிட்டான். ஏ.சி. ஹையில் ஓடிய ராத்திரிகளுக்கு அடுத்த நாள் முறுக்கு நமத்துப்போயிருந்தது. லோவில் ஓடிய மறுநாள் மொறுமொறுவென்று இல்லாவிட்டாலும் ஒடித்தால் சத்தம் வந்தது. மனைவி எண்ணெயைச் சந்தேகப்பட்டாள். அம்மா, முறுக்கு விற்ற கடையைச் சந்தேகப்பட்டார். நான் விசிறியைச் சந்தேகப்பட்டேன்.

சிரிக்க வேண்டாம். முதல் நவீன ஏ.சி.யே இப்படிப்பட்ட ஒரு பிரச்சினைக்குத்தான் வந்தது. 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இருந்த ஓர் அச்சகத்துக்காக வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் அதை வடிவமைத்தார். ஈரக் காற்றில் காகிதம் விரிந்து சுருங்கி, ஒரு வண்ணத்தின் மேல் அடுத்த வண்ணம் பிசகி விழுந்துகொண்டிருந்தது. காற்றிலிருந்து ஈரத்தைப் பிரிக்கச் சில்லிட்ட காயிலின் மேல் காற்றை ஓட்டினார். மனிதர்களுக்குக் குளிர்ந்தது உபரி லாபம். அவருக்குக் காகிதம், எனக்கு முறுக்கு.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரு பரிசோதனை செய்தேன். நீங்களும் செய்யலாம், செலவில்லை. இருபது லிட்டர் பெயின்ட் டப்பா ஒன்று எங்கள் பால்கனியில் கிடந்தது. உள்பக்கம் ஒவ்வொரு லிட்டராகத் தண்ணீர் ஊற்றி, மார்க்கர் பேனாவால் கோடு போட்டேன். ஏ.சி.யின் தண்ணீர்க் குழாயை அதற்குள் விட்டேன். முதல் ராத்திரி 25 டிகிரி, ஹை. பத்து மணிக்கு வைத்து ஆறு மணிக்குப் பார்த்தால் ஐந்தரைக் கோடு. மறுநாள் அதே 25, லோ. ஒன்பதைத் தொட்டிருந்தது. இரண்டு ராத்திரியும் மழை ஒரே மாதிரி பெய்யவில்லை, இரண்டாம் நாள் பையன் நாலு முறை கதவைத் திறந்துவிட்டுப் போனான். எனவே இதை யாரும் ஆராய்ச்சி என்று தூக்கிக்கொண்டு போக வேண்டாம். ஆனால் முறுக்கும் டப்பாவும் ஒரே சாட்சியைச் சொன்னதில் எனக்கு ஒரு திருப்தி.

அந்த ஒன்பது லிட்டர் சாதாரண விஷயமில்லை. ஆவியாக இருந்த ஒரு லிட்டர் தண்ணீரைச் சொட்டாக்கக் காயில் உறிஞ்ச வேண்டிய வெப்பத்தை அடுப்பில் போட முடிந்தால், நம் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் எட்டு லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோய்விடலாம். ஏ.சி. தன் பலத்தில் ஒரு பகுதியைக் காற்றைக் குளிர்விக்கவும், ஒரு பகுதியை இப்படி ஈரத்தைப் பிழியவும் செலவழிக்கிறது. எதற்கு எவ்வளவு என்ற பங்குப் பிரிப்பு விசிறிப் பொத்தானில் இருக்கிறது. லோ என்றால் மொத்தம் குறையும், அதில் பிழிகிற பங்கு கூடும். ஹை என்றால் மொத்தம் கூடும், பிழிகிற பங்கு குறையும். சொத்தைக் குறைத்து எழுதிவிட்டு ஒரு மகனுக்கு மட்டும் கூடப் பங்கு கொடுக்கிற அப்பாக்களைப் பார்த்ததில்லையா, அப்படி.

அந்த மொத்தத்தை எதனால் அளக்கிறோம் என்பதில் சென்னைக்காரர்களுக்கு ஒரு சொந்தம் இருக்கிறது. ஒரு டன் ஏ.சி. என்றால் எடையில் ஒரு டன் என்று நினைத்து, சுவர் தாங்குமா என்று கேட்ட பெரியவரை எனக்குத் தெரியும். அது ஐஸ் கணக்கு. அமெரிக்க டன், 907 கிலோ ஐஸ், இருபத்துநாலு மணி நேரத்தில் கரையும்போது எவ்வளவு வெப்பத்தைக் குடிக்குமோ அவ்வளவு. நம் ஒன்றரை டன் பெட்டி முழு வேகத்தில் ஒரு நாள் ஓடினால் 1,360 கிலோ ஐஸைக் கரைத்ததற்குச் சமம். அமெரிக்கக் குளங்களில் வெட்டிய ஐஸைக் கப்பலில் கொண்டுவந்து சென்னையில் விற்ற ஃபிரெட்ரிக் டியூடர், அதை வைக்க மெரினாவில் 1842-இல் ஒரு கட்டடம் கட்டினார். பின்னால் விவேகானந்தர் இல்லம் ஆன அந்த ஐஸ் ஹவுஸ்தான். அன்றைக்கு ஐஸ் வாங்கிய துரைமார்களுக்கு விசிறிப் பொத்தான் இல்லை. பங்கா இழுக்கும் ஆள் இருந்தான். அவன் தூங்கிவிட்டால் லோ.

அடுத்தது ஃபில்டர். பொத்தானைத் தொடாமலே வேகத்தைக் குறைக்கும் முறை இது. முன்பக்கப் பலகையைத் தூக்கினால் வலை போல ஒன்று இருக்கும். அதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவச் சொல்வார்கள். கழுவாதீர்கள். கோடம்பாக்கத்துத் தூசியும் பூனை முடியும் சேர்ந்து அது கம்பளி மாதிரி ஆகும்வரை பொறுத்திருங்கள். ரிமோட் ஹை என்று காட்டும், காயிலுக்குப் போவது லோவுக்கும் கீழான காற்று. அதன்மேல் நீங்களும் லோ வைத்து, 16-உம் வைத்தால், கிணறு வற்றும். காயில் சுழிக்குக் கீழே போய், தகடுகளில் ஐஸ் கட்டும். ஐஸ் கட்டினால் காற்று இன்னும் போகாது, காற்று போகாததால் ஐஸ் இன்னும் கட்டும். விடியற்காலையில் நீங்கள் ஏ.சி.யை அணைத்ததும் அத்தனையும் உருகி, சரியாக அலமாரி மேல் வைத்திருக்கும் கல்யாண ஆல்பத்தின் மீது சொட்டும்.

எங்கள் வீட்டில் அது நடந்தபோது ஒரு மெக்கானிக் வந்தார். ஏணியில்கூட ஏறவில்லை. அண்ணாந்து பார்த்தார்.

“கேஸ் கம்மி ஆயிடுச்சு சார். ஏத்தணும்.”

கேஸ் குறைந்தாலும் காயிலில் ஐஸ் கட்டும் என்பது நிஜம்தான், அவர் கூசாமல் சொன்னதற்கு அது ஒரு காரணம். இரண்டாயிரத்து ஐந்நூறு கொடுத்தேன். நாலாம் நாள் மறுபடி சொட்டியது. அம்மா ஸ்டூல் போட்டு ஏறி, வலையை உருவி, பாத்ரூம் குழாயில் பிடித்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார். கறுப்பாக ஓடியது. “இதுக்கா ரெண்டாயிரத்தி ஐநூறு?” என்றார். அதற்குப் பிறகு சொட்டவில்லை. ஆனால் இந்தக் கட்டுரையின் நோக்கம் வேறு என்பதால் அம்மா செய்ததைச் செய்ய வேண்டாம்.

சீலிங் ஃபேனை மறந்துவிட்டேன் என்று நினைக்கிறீர்கள். அதில் ஒரு தந்திரம் உண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த ஃபேங்கர் என்ற பேராசிரியர் 1970-இல் வெளியிட்ட புத்தகத்தில், மனிதனுக்கு ஓர் அறை சுகமாக இருக்கிறதா என்பதை ஆறு விஷயங்களில் அடக்கிவிட்டார்: காற்றின் வெப்பம், சுவர் கூரைகள் வீசும் வெப்பம், ஈரப்பதம், காற்றின் வேகம், உடுத்தியிருப்பது, உடம்பு செய்யும் வேலை. ரிமோட்டில் பெரிதாகத் தெரிவது ஒன்றே ஒன்று. மற்ற ஐந்தையும் மறந்துவிடுவதுதான் நம் கலையின் அடிப்படை. தோலில் காற்று பட்டால் இரண்டு மூன்று டிகிரி குறைந்தது போலத் தோன்றும். அதனால் ஏ.சி.யை 27-இல் வைத்து சீலிங் ஃபேனை மெல்லச் சுழலவிட்டால் காரியம் முடிந்துவிடும், ஏ.சி. விசிறியையும் ஈரத்தைப் பிழியும் வேகத்தில் நிம்மதியாக விடலாம். அப்படிச் செய்துவிடாதீர்கள். சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு ஏ.சி.யை 20-க்கு இறக்குங்கள். அல்லது மொட்டை மாடிக்குக் கீழ் வீடென்றால் சீலிங் ஃபேனை ஐந்தில் வைத்து, பகலெல்லாம் காய்ந்த கூரையடியில் தேங்கிய சூட்டையெல்லாம் தலையில் வாரி இறையுங்கள். யாரும் இல்லாத அறையில் சுழலவிட்டுப் போவதும் நல்ல பழக்கம். ஃபேன் அறையைக் குளிர்விப்பதில்லை, ஆளைத்தான். ஆள் இல்லாத இடத்தில் அதன் மோட்டார் சூடு மட்டும் மிஞ்சும்.

இத்தனையும் செய்து சலித்துப்போனவர்கள் ஒரு ஜனவரியில் டெல்லிக்குப் போய் வரலாம். அத்தை வீட்டில் நான் பார்த்தது உயர்நிலைப் பயிற்சி.

அங்கே அதே பெட்டி வெப்பத்தை உள்ளே இறைக்கிறது. காயில் இப்போது கிணறு இல்லை, மேல்நிலைத் தொட்டி. விசிறிதான் தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்கும் குழாய். மாமா குளிர் தாங்காமல் 30 வைத்து விசிறியை ஹையில் தட்டினார். வெளியே 6 டிகிரி. பெட்டியிலிருந்து வந்த காற்று 32 டிகிரி இருக்கும். அறை நன்றாகத்தான் சூடாகிக்கொண்டிருந்தது. ஆனால் நம் தோலே 33, 34 டிகிரி. அதைவிடக் குறைந்த காற்று வேகமாக வந்து மோதினால் உடம்பு அதைக் குளிர் என்றுதான் சொல்லும். “பாருடா, ஜில்லுனு ஊதுது. ரிப்பேர்” என்று மாமா லோவுக்கு மாற்றினார். இப்போது காற்று 45 டிகிரியில் கொதிக்கக் கொதிக்க வந்தது. வந்த காற்று கூரைக்கு ஏறி அங்கேயே படுத்துக்கொண்டது. கீழே பாதங்கள் விறைத்தன. குழாயை மூடினால் தொட்டி நிரம்பி, மோட்டார் இன்னும் உயரத்துக்குத் தள்ள வேண்டியதாகிறது. கரண்ட்டும் ஏறியது. ஒரு நாற்காலி மேல் ஏறி நின்றால் சுகமாக இருந்தது என்பதை நேர்மையாகப் பதிவு செய்கிறேன். இறக்கைப் பலகையைக் கீழ்நோக்கித் திருப்பி, விசிறியை ஆட்டோவில் விட்டிருந்தால் போதும். ஆனால் மாமா எப்போதும் எதையும் ஆட்டோவில் விட்டதில்லை, ஆட்டோவிலேயே ஏற மாட்டார்.

நடுராத்திரி விசிறி தானாகவே நின்றது. வெளிப் பெட்டியில் பனி படிந்துவிட்டால் அதை உருக்க இயந்திரம் சில நிமிடம் திசையை மாற்றி ஓடும். உள்ளே குளிர்ந்த காற்று அடித்துவிடக் கூடாதென்று அந்த நேரம் விசிறியை நிறுத்திக்கொள்ளும். அவ்வளவு மரியாதை தெரிந்த இயந்திரம். மாமா அதை அணைத்து, போட்டு, அணைத்து, போட்டு, பனி உருகவே விடாமல் விடியும்வரை பார்த்துக்கொண்டார். அத்தை ரஜாயைத் தலைவரை இழுத்துக்கொண்டு, “ஹீட்டர் கம்பியே தேவலாம்” என்றார்.

ஊர் திரும்பியதும் நான் ஒரு கோட்பாட்டுக்கு வந்திருந்தேன். வெயில் நாளில் முதல் இருபது நிமிடம் ஹை, பிறகு மீடியம். மழை நாள் ராத்திரியில் லோ. மழை வந்தபோது அதன்படி நடந்தேன். பெயின்ட் டப்பாவை எடுத்துவிட்டுக் குழாயைப் பழையபடி பால்கனிக்கு வெளியே விட்டேன். முறுக்கு ஒடிந்தது. விரிப்பு உலர்ந்திருந்தது. அப்பா, லோவில் இருப்பதைப் பார்த்துவிட்டு, நான் கடைசியில் வழிக்கு வந்துவிட்டதாக எல்லோரிடமும் சொன்னார்.

நாலாம் நாள் காலை கீழ் வீட்டு அம்மா மாடிக்கு வந்தார்கள்.

“தம்பி, உங்க ஏ.சி. தண்ணி எங்க தகரத்து மேலதான் விழுது. இத்தன நாளா டக்... டக்...னு நிதானமா விழும். அதுக்குப் பழகிப்போயித் தூங்கிட்டிருந்தேன். இப்போ மூணு நாளா டகடகடகன்னு அடிக்குது. என்ன பண்ணீங்க?”

உட்காரச் சொல்லி விளக்கினேன். கிணறு, ஊற்று, காயில், பங்குப் பிரிப்பு. டப்பாவின் கோடுகளைக் காட்டினேன். விசிறி வேகத்தைக் குறைத்தால் தண்ணீர் அதிகம் வரும், வந்தால்தான் வீட்டுக்குள் ஈரம் குறையும், முறுக்கு நமக்காது என்று வரிசையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்கள்.

“அப்போ ஸ்பீட கூட்டி வச்சா எனக்குத் தூக்கம் வரும்.”

“வரும்மா. ஆனா முறுக்கு...”

அவர்கள் திரும்பி டிவி பக்கத்தில் இருந்த எவர்சில்வர் டப்பாவைப் பார்த்தார்கள்.

“டப்பாவுக்கு ஒரு மூடி போடுங்க தம்பி. அதுக்கு எதுக்கு ஏ.சி.?”

மூடியைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.